பட்டியலின் நீளம் ஆய்வின் ஆழமாகுமா?

ஓர் ஆய்வாளர் எதைக் கண்டறிந்தார் என்று கூறுமுன் எத்தனை கட்டுரைகளை வெளியிட்டார் என்று கூறும் வழக்கம் கல்வியுலகில் வேரூன்றிவிட்டது. மருத்துவ ஆய்வும் இதற்கு விலக்கன்று. நூற்றுக்கணக்கான தலைப்புகள் கொண்ட பட்டியலே நியமனத்துக்கும் பதவியுயர்வுக்கும் நிதியுதவிக்கும் திறவுகோலாகக் கருதப்படுகின்றது. 2005ஆம் ஆண்டில் ஹேர்ஷ் என்னும் பௌதிகவியலாளர் வகுத்த சுட்டெண்ணோ வாழ்நாள் உழைப்பு முழுவதையும் ஒரே எண்ணில் அடக்க முற்பட்டது. எண்ணுதல் எளிது, மதிப்பிடுதல் அரிது. எளியதைச் செய்துவிட்டு அரியதைச் செய்ததாக அமைதியடைவதே இங்குள்ள தவறு. நிணநீர்ப்புற்று ஆய்வின் வரலாறு இத்தவற்றுக்கு எதிராகச் சான்று பகர்கின்றது.

இலண்டன் கைஸ் வைத்தியசாலையின் நோயியல் நூதனசாலைக்குப் பொறுப்பாயிருந்த தோமஸ் ஹொட்ஜ்கின், நிணநீர்க்கணுக்களும் மண்ணீரலும் வீங்கிய ஏழு நோயாளர் பற்றி 1832இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அன்று அதனைப் பொருட்படுத்தியோர் மிகச் சிலரே. 1865இல் சாமுவேல் வில்க்ஸ் அந்நோய்க்கு ஹொட்ஜ்கினின் பெயரைச் சூட்டும்வரை 33 ஆண்டுகள் கழிந்தன. ஆண்டுதோறும் மேற்கோள்களைக் கணக்கிடும் குழுவொன்று அக்காலத்தில் இருந்திருப்பின், அக்கட்டுரையைப் பயனற்றதெனத் தள்ளியிருக்கும்.

அந்நோய் காசநோயின் ஒரு வடிவமே என்ற கருத்து வலுவாக இருந்த காலத்தில், அதற்கேயுரிய பெருங்கலங்களை நுணுகி வருணித்து, அது வேறொரு நோயென 1902இல் வாதிட்டவர் ஜோன்ஸ் ஹொப்கின்ஸில் பணியாற்றிய டொரதி ரீட். பெண்ணாயிருந்தமையால் அங்கு முன்னேற வழியில்லை எனக் கண்டு அவர் நோயியலைவிட்டே நீங்கினார். அத்துறையில் அவர் விட்டுச் சென்ற பட்டியல் மிகச் சிறியது. ஆயினும் ரீட்-ஸ்ரேண்பேர்க் கலத்தையே நோயியலாளர் இன்றும் நுணுக்குக்காட்டியில் தேடுகின்றனர்.

உகண்டாவின் முலாகோ வைத்தியசாலையில் சத்திரசிகிச்சை நிபுணராயிருந்த டெனிஸ் பேர்க்கிற், சிறுவரின் தாடையைப் பற்றும் புற்றினை 1958இல் விவரித்தார். அது எங்கெங்கு காணப்படுகின்றது என அறிய வைத்தியசாலைகளுக்கு வினாக்கொத்துகளை அனுப்பினார். 1961இல் இரு நண்பர்களுடன் ஏறத்தாழ 10,000 மைல் தரைவழியே பயணஞ் செய்தார். அவ்வாண்டு இலண்டனில் அவர் நிகழ்த்திய உரையைச் செவிமடுத்த அன்ரனி எப்ஸ்ரைன் அப்புற்றில் வைரசைத் தேடத் தொடங்கினார். 1964இல் அவரும் அச்சொங், பார் ஆகியோரும் அதனைக் கண்டு வெளியிட்டனர். மனிதப் புற்றுநோயுடன் தொடர்புடையதென அறியப்பட்ட முதல் வைரசு அதுவே. பாதையில் கழிந்த வாரங்களுக்கு எந்தப் புள்ளித் திட்டத்தில் இடமுண்டு?

இதற்கு மறுதலையான காட்சியும் உண்டு. குருதிப் புற்றுநோய்த் துறையில் பெரும்புகழ் பெற்றிருந்த ஆய்வாளரொருவரின் முறைகேடு 1997இல் ஜேர்மனியில் வெளிப்பட்டது. அவர் பெயரிலமைந்த 347 கட்டுரைகளை ஆராய்ந்த குழு, 94இல் தரவுகள் திரிக்கப்பட்டமைக்கான அறிகுறிகளைக் கண்டது. அப்பட்டியலின் நீளத்தை வியந்தோர் பலர்; அதனுள் நுழைந்து வாசித்தோர் எத்தனை பேர்? ஆய்வுத் தரவு பொய்யாயின், அதனை நம்பிச் சிகிச்சை வகுக்கும் வைத்தியரும் அதனை ஏற்கும் நோயாளியுமே விலை கொடுப்பர்.

எண்ணிக்கை பக்கச்சார்பற்றது, செல்வாக்குக்கும் உறவுமுறைக்கும் இடந்தராதது என்பர் மறுதரப்பினர். இவ்வாதத்தில் ஓரளவு உண்மை உண்டென்பதை மறுப்பதற்கில்லை. நிறைய எழுதியவர் யாவரும் போலிகளும் அல்லர். குறைய எழுதியவர் யாவரும் மேதைகளும் அல்லர். ஆயின் எண்ணிக்கை செல்வாக்கை ஒழிக்கவில்லை. அதற்கு வேறு வாயிலைத் திறந்துவிட்டது. ஆய்வுகூடத் தலைவரின் பெயர் அவர் தொடாத கட்டுரைகளிலும் ஏறுவதும், ஒரே ஆய்வு பல துண்டுகளாக வெட்டப்பட்டுப் பல கட்டுரைகளாவதும் இவ்வாயிலின் வழியேதான். பக்கச்சார்புக்கு மருந்து வெளிப்படையான மதிப்பீடேயன்றி, மதிப்பீட்டைக் கைவிடுதலன்று.

ஜேர்மன் ஆய்வு மன்றம் இப்பாடத்தைக் கற்றது. மதிப்பீட்டில் எண்ணிக்கையிலும் தரமே முதன்மை பெறவேண்டுமென 1998இல் பரிந்துரைத்தது. விண்ணப்பங்களிற் காட்டத்தக்க வெளியீடுகளை 2010இல் மிக முக்கியமான சிலவற்றுக்கு மட்டுப்படுத்தியது. பதவியுயர்வைப் புள்ளித் திட்டத்தால் அளக்கும் இலங்கைப் பல்கலைக்கழகங்களுக்கும் இப்பாடம் புறம்பானதன்று. தெரிவுக் குழுவினர் விண்ணப்பதாரியின் சிறந்த கட்டுரைகள் சிலவற்றைத் தாமே முழுமையாக வாசித்து, அவற்றால் எது புதிதாக அறியப்பட்டது என்பதை எழுத்தில் பதிந்து, அதற்குப் பொறுப்பேற்றல் வேண்டும். இதற்கு நேரமில்லை என்போர் உளர். வாசிக்க நேரமில்லாதோருக்குத் தீர்ப்பளிக்கும் உரிமை எங்கிருந்து வந்தது?