தொட்டியில் வளரும் சிறை!

திருப்பெரும்பூதூர், ஒரகடத் தொழிலகங்களிலே இரவுமுறைப் பணி முடித்துக் குடிக்கூலி அறைக்குத் திரும்பும் இளைஞனிடம், “கஞ்சாவை விலைக்கு வாங்கினால்தானே இடர்? நாலு விதையை மாடித் தொட்டியில் ஊன்றி, உன் தேவைக்கு நீயே வளர்த்துக்கொள்” என ஓதுவோர் உளர். இவ்வறிவுரை நஞ்சினும் கொடிது!

1985ஆம் ஆண்டின் மயக்குப்பொருள் தடுப்புச் சட்டம் கூறுவதென்ன? கஞ்சா புகைத்தவனுக்கு 6 திங்கள்வரை சிறை, அல்லது 10,000 உருபாவரை தண்டம், அல்லது இரண்டும். அரசின் இசைவின்றிப் பயிரிட்டவனுக்கோ 10 ஆண்டுவரை கடுங்காவல். அதனொடு 1,00,000 உருபாவரை தண்டம்! வைத்திருப்போர்க்குச் சிற்றளவு, பேரளவு எனப் படிவகுத்த அச்சட்டம், பயிரிடுவோர்க்கு அவ்வாறு வகுக்கவில்லை. ஒரு தொட்டியும் குற்றமே. ஒரு தோட்டமும் குற்றமே. தன் தேவைக்கு வளர்த்ததாகச் சொல்லித் தப்ப வழியில்லை.

பத்தாண்டு என்பது தமிழிளைஞன் ஒருவனின் இளமை முழுதும் அன்றோ? ஊக்கியவன் உடன்சிறை புகுவானா?

ஒப்பந்தக் கூலியும் உறக்கக்கேடும் அவனை வாட்டுவது மெய்யே. ஆயின் மயங்கிக் கிடப்பவனுக்குக் கூலி உயராது. 2024இல் சுங்குவார்ச்சத்திரத்துச் சாம்சங்குத் தொழிலாளர் 37 நாள் வேலைநிறுத்தம் செய்தனர். மறுயாண்டே அவர்தம் தொழிற்சங்கம் பதிவுபெற்றது.

தமிழிளைஞனே, விதையை வீசியெறி. தோழன் கையைப் பற்று!