சங்கம் பிளவுபட்டால் தங்கம் கைமாறும்: ஆன் ஹியூன்-சூ விட்டுச் சென்ற பாடம்

2014 பிப்ரவரி 15. ரஷ்யாவின் சோச்சி நகரில் குளிர்கால ஒலிம்பிக். குறுந்தட பனிச்சறுக்கு ஓட்டத்தில் ஆடவர் 1,000 மீட்டர் தங்கத்தை ரஷ்யா வென்றது. அந்த விளையாட்டில் அந்நாட்டுக்கு அதுவே முதல் ஒலிம்பிக் தங்கம்.

வென்றவரோ சியோலில் பிறந்த கொரியர். 2006-இல் இத்தாலியின் துரின் நகரில் தென் கொரியாவுக்காக இதே 1,000 மீட்டரில் தங்கம் வென்றவர். அப்போது அவர் பெயர் ஆன் ஹியூன்-சூ; சோச்சியில் விக்டர் ஆன்.

பனியே இல்லாத நம் ஊரில் இந்த விளையாட்டைப் பார்ப்போர் குறைவு. ஆனால், ஆனின் கதை நமக்குப் புதிதல்ல.

குறுந்தட ஓட்டத்தின் ஒரு சுற்று 111.12 மீட்டர்தான். வீரர்களுக்குத் தனித்தனித் தடம் கிடையாது. எல்லாரும் ஒரே பாதையில் முண்டியடித்து ஓட வேண்டும். எனவே சக நாட்டு வீரர் நினைத்தால் ஒருவருக்கு வழிவிடலாம்; வழியை மறிக்கவும் செய்யலாம். அணிக்குள் பகை இருந்தால் அது பனித்தரையிலேயே வெளிப்பட்டுவிடும்.

கொரிய அணிக்குள் அந்தப் பகை இருந்தது. எந்தப் பல்கலைக்கழகம், எந்தப் பயிற்றுநர் என்ற அடிப்படையில் வீரர்கள் இரண்டாகப் பிரிந்து நின்றனர். 2006-இல் ஆடவர் அணி வீரரான ஆன், மகளிர் அணியின் பயிற்றுநரிடம் பயிற்சி பெறும் அளவுக்கு நிலைமை முற்றியது. அப்படியிருந்தும் துரினில் அவர் மூன்று தங்கமும் ஒரு வெண்கலமும் வென்றார். 2003 முதல் 2007 வரை தொடர்ந்து ஐந்து முறை உலக ஒட்டுமொத்த வெற்றியாளர் அவரே.

2008 ஜனவரியில் பயிற்சியின்போது முழங்கால் எலும்பு முறிந்தது. 2010 வான்கூவர் ஒலிம்பிக் அணியில் இடம் கிடைக்கவில்லை. அதே ஆண்டு இறுதியில் அவர் சார்ந்திருந்த சோங்நாம் நகராட்சி அணியும் கலைக்கப்பட்டது. 2011-இல் ரஷ்யா சென்று, அந்நாட்டுக் குடியுரிமை பெற்றார்.

சோச்சியில் மீண்டும் மூன்று தங்கம், ஒரு வெண்கலம். கொரிய ஆடவர் அணிக்கோ குறுந்தட ஓட்டத்தில் ஒரு பதக்கம்கூட இல்லை. கொரிய மக்களின் கோபம் ஆன் மீது பாயவில்லை. பனிச்சறுக்குச் சங்கத்தின் மீதே பாய்ந்தது. குழு அரசியலும் பாரபட்சமும்தான் அவரை விரட்டினவா என ஆராயும்படி அன்றைய அதிபர் பார்க் கியூன்-ஹே கூறினார்.

பழி முழுவதையும் சங்கத்தின் மீது சுமத்துவதும் நியாயமாகாது. வான்கூவர் வாய்ப்பு பறிபோனதில் காயத்துக்குப் பெரும் பங்கு உண்டு. ஆனால் காயத்திலிருந்து எழுந்து வந்தவருக்குத் தாய்நாட்டில் ஓர் இடமும் நம்பிக்கையும் இல்லை என்பதே அடிப்படைச் சிக்கல். அந்த இரண்டையும் ரஷ்யா கொடுத்தது.

நாடு மாறியதற்கு அவரும் விலை கொடுத்தார். ரஷ்ய ஊக்கமருந்து விவகாரத்தால், 2018-இல் கொரியாவின் பியோங்சாங் ஒலிம்பிக்கில் பங்கேற்க அனைத்துலக ஒலிம்பிக் மன்றம் அவரை அனுமதிக்கவில்லை. 2020-இல் ஓய்வு பெற்றார். 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் சீன அணிக்குப் பயிற்சியளித்தார். 2023-இல் சோங்நாம் நகராட்சி அணியின் பயிற்றுநர் பணிக்கு விண்ணப்பித்தபோது, கொரியாவில் எதிர்ப்புக் கிளம்பியது, வேலை கிடைக்கவில்லை.

கொரியா பாடம் கற்றதா? பியோங்சாங்கில் 1,500 மீட்டர் தங்கம் வென்ற லிம் ஹியோ-ஜூன், சக வீரரிடம் தவறாக நடந்துகொண்டதாக 2019-இல் ஓராண்டுத் தடை பெற்றார். மேல்முறையீட்டு நீதிமன்றம் பின்னர் அவரை விடுவித்தது. ஆனால் தீர்ப்பு வருவதற்குள் அவர் சீனக் குடிமகனாகிவிட்டார். இரண்டு வழக்குகளும் ஒன்றல்ல. ஆனால் இரண்டிலும் கொரியா இழந்தது ஓர் ஒலிம்பிக் வெற்றியாளரை.

தோட்டத்துத் திடலில் பந்து உதைக்கும் பையனுக்கும் பட்டணத்து மண்டபத்தில் பூப்பந்து பழகும் பெண்ணுக்கும் சங்கத் தலைவர் யார் என்பது முக்கியமல்ல. தன் பெயர் பட்டியலில் வருமா, அது ஆட்டத்தைப் பார்த்து முடிவு செய்யப்படுமா என்பதே அவர்களின் கவலை. "இவன் யாருடைய ஆள்?" என்ற கேள்வி தேர்வுக்குழுவுக்குள் நுழையும் நாளில், திறமை வேறு வாசலைத் தேடத் தொடங்கிவிடும்.