கதிரவன் இங்கே! கருவி எங்கே?

தோழனே! ஒட்டன்சத்திரத்துக் காய்கறிச் சந்தையைக் கண்டதுண்டோ? முருங்கையும் தக்காளியும் மூட்டை மூட்டையாய்க் கேரளம் செல்லும். விளைவித்தவனுக்கு ஒரு விலை. வாங்கி உண்பவனுக்கு மறு விலை. இடையிலே ஏறிய தொகை எவருக்கு? உழவனுக்கன்று!

கதிரொளி மின்சாரத்திலும் அக்கதைதானா? வெயில் நமது, அதை மின்னாக்கும் தகடோ? சிலிக்கான் முதல் தகடு வரை, ஒவ்வொரு கட்டத்திலும் உலக உற்பத்தித் திறனில் 80 விழுக்காட்டுக்கு மேல் சீனத்தின் கையிலே என்று 2022 இல் பன்னாட்டு எரிசக்தி முகமை உரைத்தது.

டெல்லி அரசு உறங்கிடவில்லை. 2021 இல் 4,500 கோடி, 2022 இல் 19,500 கோடி ரூபாய் ஊக்கத்தொகை அறிவித்தது. நெல்லைச் சீமையின் கங்கைகொண்டானிலே மின்கலமும் தகடும் செய்யும் ஆலை எழுந்தது. மகிழ்கிறோம்! ஆயினும் கேட்கிறோம்: சிலிக்கானை வாங்கி, தகடாக்கி, ஏற்றுமதி என்று முரசறைந்தால், இலாபத்தின் பெரும்பங்கு எவர் பையிலே?

உள்நாட்டிலே அனைத்தையும் செய்தால் விலை கூடும் என்பர். கூடும், மறுக்கவில்லை. கன்றுக்கு வேலி கட்டுவதும் செலவுதான். மரமான பின்னர் வேலி வேண்டுவதில்லை!

ஆதலின், அரசின் பணம் கிளைக்கு மட்டுமன்று, வேருக்கும் பாயட்டும். வெயிலை மட்டும் தந்துவிட்டு வேடிக்கை பார்ப்பவர் அல்லோம் நாம்!