எங்கள் வீட்டுக் குப்பை எங்கே போகிறது?

சென்ற தவணை எங்கள் வகுப்பில் ஒரு விவாதப் போட்டி நடந்தது. "நவீன வளர்ச்சி மனிதனுக்கு நன்மையே" என்ற அணியில் நான் இருந்தேன். எதிரணியினர் புகை, இரைச்சல், பிளாஸ்டிக் என்று அடுக்கினார்கள். நாங்கள் மருத்துவம், மின்சாரம், இணையம், பெண் கல்வி என்று அடுக்கினோம். எங்கள் அணிதான் வென்றது. ஆனால் பஸ்ஸில் வீட்டுக்கு வரும்போது எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது. நகரம் வளர்ந்தால் என்ன நடக்கும் என்பதைப் புத்தகத்தைத் திறக்காமலே அறிந்தவள் நான். அதைப் பற்றி அந்த மேடையில் ஒரு சொல்லும் பேசவில்லை.

நான் வெல்லம்பிட்டியில் பிறந்து வளர்ந்தவள். எங்கள் வீட்டு மொட்டைமாடியில் நின்றால் மீதொட்டமுல்லைக் குப்பை மேடு தெரியும். சிறு வயதில் அதை மலை என்றே நினைத்திருந்தேன். முதன்முதலாகக் கண்டிக்குப் போனபோது, "மலையில மரமும் இருக்குமா?" என்று நான் கேட்டதை உம்மா இன்றும் சொல்லிச் சிரிப்பார். புளுமெண்டல் மேட்டில் கொட்டுவது நிறுத்தப்பட்டதும் 2009ஆம் ஆண்டு தொடக்கம் கொழும்பு நகரத்தின் குப்பை எங்கள் பக்கம் வரத் தொடங்கியது. நான் பிறந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. நானும் அந்த மேடும் ஒன்றாகவே வளர்ந்தோம் என்று சொல்லலாம்.

வீட்டுக்கு விருந்தினர் வந்தால் உம்மா முதலில் ஜன்னலைச் சாத்துவார், பிறகு சாம்பிராணி போடுவார், அதன் பிறகுதான் தேநீர். பாடசாலையில் யாராவது எந்த ஊர் என்று கேட்டால் நான் "தெமட்டகொட பக்கம்" என்று சொல்லித் தப்பிப்பேன். 2016 மே மாதத்தில் களனி கங்கை பெருகியபோது எங்கள் ஒழுங்கைக்குள் வந்தது வெறும் வெள்ளத் தண்ணீர் அல்ல. அதன் நிறத்தை நான் இங்கே எழுதப் போவதில்லை.

அடுத்த வருடம் ஏப்ரல் 14, சித்திரைப் புத்தாண்டு தினம், வெள்ளிக்கிழமை. எனக்கு ஒன்பது வயது. வாப்பா ஜும்ஆவுக்குப் போய் வந்து, சாப்பிட்டு விட்டுச் சற்றுச் சாய்ந்திருந்தார். பிற்பகலில் மேடு சரிந்தது. புத்தாண்டு கொண்டாடிக் கொண்டிருந்த வீடுகளின் மீது விழுந்து 30இற்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டு போனது. எங்கள் ஒழுங்கை ஆண்கள் எல்லோரும் ஓடினார்கள். வாப்பா இரவு வெகுநேரம் கழித்துத்தான் வந்தார். அன்று போட்டிருந்த செருப்பை அவர் வீட்டுக்குள் கொண்டு வரவில்லை. அங்கே என்ன கண்டார் என்று இன்றுவரை சொன்னதும் இல்லை.

அதன் பிறகு லொறிகள் வருவது நின்றது. நாங்கள் அல்ஹம்துலில்லாஹ் என்றோம். ஜன்னலைத் திறந்து வைத்தோம். இனி அந்தக் குப்பை எங்கே போகும் என்று எங்கள் வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அத்தனை வருடம் அதன் நாற்றத்தைச் சுவாசித்த நாங்களே கேட்கவில்லை என்பதை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

விடை எனக்குக் கடந்த டிசம்பர் விடுமுறையில் கிடைத்தது. என் சாச்சி புத்தளத்தில் வாழ்க்கைப்பட்டவர். அவருடைய மகளுக்கு என் வயதுதான். ஒரு நாள் இரவு பேசிக் கொண்டிருக்கும்போது அவள் கேட்டாள்: "உங்கட வீட்டுக் கரண்ட் எங்கட நுரைச்சோலையால வருது. வீடு கட்டுற சீமெந்துக்கும் எங்கட கல்லத்தான் வெட்டுறாங்க. குப்பைய மட்டும் ஏன் எங்களுக்குத் திருப்பி அனுப்புறீங்க?"

அவள் சண்டைக்குக் கேட்கவில்லை. ஆனால் விவாதத்தில் வென்ற எனக்கு வாய் திறக்க முடியவில்லை.

அவள் சொன்னது உண்மை. நுரைச்சோலை அனல் மின்நிலையத்தின் கொள்ளளவு 900 மெகாவோட். சீமெந்துக்காகச் சுண்ணாம்புக்கல் அகழப்படும் அருவக்காடு, வண்ணாத்திவில்லுப் பகுதியில், வில்பத்து வனத்தின் அயலில் இருக்கிறது. கொழும்பிலிருந்து சுமார் 170 கிலோமீற்றர். கல்லெடுத்த பள்ளங்கள் இருக்கும் அந்த இடத்தில்தான் கொழும்புக் குப்பையைப் புதைப்பதற்கான திட்டம் வந்தது. 2018இலும் 2019இலும் புத்தளம் மக்கள் வீதியில் இறங்கிப் போராடினார்கள். சின்னப் பிள்ளையாக அவளும் கறுப்புப் பட்டி கட்டிப் போயிருக்கிறாள். அவளுடைய வாப்பும்மா 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு, ஒரு பையோடு புத்தளம் வந்தவர். "ஒரு தரம் ஊர விட்டுட்டு வந்தோம். இனி எங்க போற?" என்று மட்டும் அவர் சொன்னார்.

நியாயமாகப் பேசுவதென்றால், அருவக்காட்டுத் திட்டம் மீதொட்டமுல்லை போன்ற திறந்த மேடு அல்ல. அடியில் தடுப்பு விரித்து, வடியும் கழிவு நீரைச் சுத்திகரித்துச் செய்வதாகவே அது திட்டமிடப்பட்டது. அப்படிச் செய்வது மேடாகக் குவிப்பதைவிட நிச்சயம் மேல். ஆனால் சுண்ணாம்புக்கல் நிலத்தில் வெடிப்புகள் வழியே நீர் வேகமாகக் கீழே இறங்கும் என்று எங்கள் புவியியல் பாடத்திலேயே படிக்கிறோம். கிணற்றையும் களப்பையும் உப்பளத்தையும் நம்பி வாழும் மக்கள் பயப்படுவதைப் பிடிவாதம் என்று எப்படிச் சொல்வது?

பாதையில் கிடக்கும் தொல்லை தரும் பொருளை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்று சிறு வயதிலிருந்தே படிக்கிறோம். நாம் அகற்றினோம்தான். அகற்றியதை இன்னொருவருடைய பாதையில் போட்டோம்.

ஊருக்குத் திரும்பியதும் ஒரு வாரம் எங்கள் குப்பை வாளியைக் கவனித்தேன். (உம்மா எனக்குப் பைத்தியம் என்றார்.) பாதிக்கு மேல் சோறு, மரக்கறித் தோல், மீன் கழிவு, தேயிலைச் சக்கை. இலங்கையின் வீட்டுக் குப்பையில் பெரும்பகுதி இத்தகைய உக்கும் கழிவுதான். ஈரமான இதைப் பிளாஸ்டிக்குடன் கலந்து கட்டினால் நாற்றமும் வாயுவும் அதிலிருந்தே வருகின்றன, மழையில் மேடு பாரமாகிச் சரிகிறது. எரித்து மின்சாரம் எடுக்கவும் ஈரம் தடை. கெரவலப்பிட்டியில் 2021இல் தொடங்கிய 10 மெகாவோட் நிலையத்துக்குக்கூட ஈரக் குப்பை நல்ல எரிபொருள் அல்ல. ஆகவே சிக்கல் தொடங்குவது அருவக்காட்டில் அல்ல, எங்கள் குசினியில்.

எங்கள் காணி மூன்று பேர்ச். தோட்டம் இல்லை. மொட்டைமாடியில் துளையிட்ட வாளி ஒன்றை வைத்தோம். முதல் மாதம் புழு வந்தது, வாப்பா தூக்கியெறியப் பார்த்தார். காய்ந்த இலையும் மரத்தூளும் போடப் பழகிய பிறகு சரியானது. ஒரு நாள் நாங்கள் பிரித்துக் கட்டிய இரண்டு பைகளையும் ஒரே லொறிக்குள் ஒன்றாக எறிவதைக் கண்டேன். அன்று அழுகையே வந்தது. அதனால், வீட்டில் வாளி வைத்தால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். பிரித்துக் கொடுப்பதைப் பிரித்தே எடுக்க வேண்டும் என்று கேட்கும் உரிமை, பிரித்துக் கொடுப்பவருக்குத்தான் உண்டு. அதற்காகவாவது பிரிப்போம்.

பெற்றோரிடமும் ஒன்று கேட்க வேண்டும். வலீமாவில் ஒரு சஹனுக்கு எவ்வளவு சோறு மிஞ்சுகிறது, பாதி குடித்த தண்ணீர்ப் போத்தல்கள் எத்தனை மேசையில் நிற்கின்றன என்று அடுத்த முறை எண்ணிப் பாருங்கள். நோன்புக் கஞ்சிக்குப் பள்ளிக்குப் போகும் பிள்ளையின் கையில் பொலித்தீன் பையில்லாமல் ஒரு பாத்திரத்தைக் கொடுத்தனுப்புங்கள். நாங்கள் சின்னவர்களாக இருந்தபோது அப்படித்தான் தூக்குச் சட்டியோடு போனோம். எங்கள் கல்லூரி விளையாட்டுப் போட்டியன்று மைதானத்தில் கிடக்கும் கோப்பைகளைப் பற்றி மாணவத் தலைவிகளிடம் நானே பேசுகிறேன்.

பெருநாளைக்குச் சாச்சி குடும்பத்தோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார். அவருடைய மகளிடம் வாளியைக் காட்டலாம் என்றிருக்கிறேன். அவளுடைய கேள்விக்கு வாளி பதிலாகாது என்று அவள் சொல்வாள் என்பதும் தெரியும்.