பாடசாலைக் கூரையும் மாரி மழையும்

வட மாகாணத்துப் பழைய பாடசாலைகளுட் பல, ஊரார் காணி ஈந்து எழுப்பியவை. மிஷன்களும், 1923 இல் தோன்றிய சைவ வித்தியா விருத்திச் சங்கமும் நடத்திய பாடசாலைகளை, 1960, 1961 ஆம் ஆண்டுச் சட்டங்களால் அரசாங்கம் பொறுப்பேற்றது. பாடசாலையைப் பொறுப்பேற்றவர் அதன் கூரையையும் பொறுப்பேற்றாரன்றோ?

ஓர் ஓடு விலகினால் நீர் முதலில் நனைப்பது பனஞ்சலாகையை. சலாகை உக்கினால் கூரை தாழும், சுவர் ஊறும். சில ஓடுகளை மாற்றாத சிக்கனம், ஈற்றில் கட்டிடத்தையே இடிக்கச் செய்யும். திருத்த வேலைக்குப் பணமில்லை என்போர், புதிய மாடிக்கு அடிக்கல் நாட்டத் தயங்குவதில்லை. அடிக்கல்லிற் பெயர் பொறிக்கலாம். மாற்றிய ஓட்டில் எவர் பெயரைப் பொறிப்பது?

புதிய வகுப்பறைகள் வேண்டாமென்பதல்ல எமது வாதம். இருப்பதைக் காத்தபின் பெருக்குக என்பதே.

அரசாங்கத்தின் நிதியாண்டு டிசெம்பர் 31 இல் முடிகிறது. செலவாகாத ஒதுக்கீடு அன்றோடு கழிகிறது. வடக்கிலோ ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரை மாரி. ஆண்டுக் கடைசியிற் பணம் வந்தால், மழைக்குள் கூரை பிரிக்க வேண்டும். அல்லது பணத்தை இழக்க வேண்டும். பருவமறிந்த எந்தக் கமக்காரனும் இப்படித் திட்டமிடான். மதிப்பீடுகள் முந்திய ஆண்டிலேயே ஆயத்தமாக வேண்டும். கூரை வேலை கோடையிலேயே முடிய வேண்டும்.

மாகாணப் பாடசாலைகள், 1987 ஆம் ஆண்டின் 13 ஆவது திருத்தத்தின்படி மாகாணத்தின் பொறுப்பு. 2013 இல் தெரிவான வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தபின், ஆண்டுகள் பலவாகத் தேர்தல் நடைபெறாமையால், அதிகாரிகளைக் கேள்வி கேட்க மன்றமும் இல்லாது போயிற்று. எனவே கேட்க வேண்டியவர் பெற்றோரே. ஊரிலுள்ள ஓய்வுபெற்ற பொறியியலாளரைக் கொண்டு கூரைகளை அளப்பித்து, வலயக் கல்விப் பணிமனையின் திருத்த வேலைப் பட்டியலைத் தை மாதத்திலேயே காட்டுமாறு பாடசாலை அபிவிருத்திச் சங்கங்கள் எழுத்திற் கேட்கட்டும்.