முட்டைக்கு மட்டும் வரும் பெற்றோருக்கு

நம் தெரு அங்கன்வாடிக்குச் சாப்பாட்டு நேரம் பார்த்துப் பிள்ளையைக் கொண்டுவருகிறீர்கள். முட்டை கைக்கு வந்ததும் கூட்டிக்கொண்டு போய்விடுகிறீர்கள். பிறகு, "இங்க என்னத்தச் சொல்லித் தர்றாங்க?" என்று டீச்சரையே குறை சொல்வது அடுக்குமா?

அதற்கு மருந்தாக நாம் கண்டுபிடித்திருப்பது, வட்டிக்கு வாங்கி எல்.கே.ஜி.யில் சேர்ப்பது. அங்கே பிள்ளை நோட்டில் நூறு வரை எழுதிவிட்டால் கணக்கு வந்துவிட்டதென்று பூரித்துப்போகிறோம். மளமளவென்று ஒப்பிக்கும் அந்தப் பிள்ளையிடம், "ஏழு புளியங்கொட்டை எடுத்துக் குடு" என்று கேட்டுப் பாருங்கள். கை நிறைய அள்ளி நீட்டும். அதே ஏழைத் தள்ளித் தள்ளிப் பரப்பி வைத்தால், "இப்ப நிறைய இருக்கு" என்று சொல்லும். கடைசியாக எண்ணிய எண்தான் மொத்தம் என்பது அந்த வயதில் லேசில் பிடிபடாது. அது பிடிபடாமல் கூட்டலாவது, கழித்தலாவது!

அறிவியல் கதையும் இதேதான். சின்ன ஆணி முங்குது, பெரிய கொட்டாங்கச்சி மிதக்குதே என்று வாளியையே பார்த்து நிற்கும் பிள்ளைக்கு, தண்ணீரில் கை வைத்ததற்காக முதுகில் ஒன்று வைக்கிறோம்.

விளையாடவிட்டால் போதும் என்றும் சொல்லமாட்டேன். ஆய்வாளர்கள் எலிசபெத் ஸ்பெல்க்கி, எஸ்தர் டஃப்லோ குழுவினர் டெல்லியில் ஏழைக் குழந்தைகளின் மழலையர் வகுப்புகளில் கணக்கு விளையாட்டுகளை நடத்திப் பார்த்தார்கள். 2017இல் முடிவு வெளியானது. அளவைக் கண்ணால் மட்டிடும் திறன் கூடியது. பள்ளிக் கணக்கில் அந்தப் பலன் தெரியவில்லை. விளையாட்டோடு எண்ணின் பேரையும் எழுத்தையும் சேர்த்துக் காட்ட ஆள் வேண்டும் என்றுதான் எனக்குப் படுகிறது.

நம் டீச்சர் ஒற்றை ஆள். எடை பார்க்க வேண்டும், பதிவேடு எழுத வேண்டும், சத்துமாவு கொடுக்க வேண்டும். தமிழ்நாட்டு அங்கன்வாடிகளில் அரைநேரப் பணியாளர் ஒருவரைக் கூடுதலாக வைத்து, கார்த்திக் முரளிதரனும் உடன் ஆய்வாளர்களும் சோதித்திருக்கிறார்கள். சொல்லித்தரும் நேரம் இரு மடங்கானது. பிள்ளைகள் கணக்கிலும் மொழியிலும் முன்னேறினார்கள். இந்த ஊரிலும் அப்படி ஓர் ஆள் வேண்டுமென்று மனு எழுதி வைத்திருக்கிறேன். எல்.கே.ஜி. ஃபீஸுக்குக் கடன் பத்திரத்தில் யோசிக்காமல் கையெழுத்துப் போடுபவர்கள், இதற்குக் கேட்டால் "வீட்டுக்காரரைக் கேட்டுச் சொல்றேன்" என்கிறீர்கள். சனிக்கிழமை வீடு வீடாக வருகிறேன். வீட்டுக்காரரையும் இருக்கச் சொல்லுங்கள். திங்கட்கிழமை முதல் பிள்ளையைக் காலையிலேயே கொண்டுவந்து விடுங்கள்.