ஒரு வரியில் ஒரு குலம்



போன வாரம் காலை நிகழ்ச்சியில் ஈப்போவிலிருந்து ஓர் அம்மா அழைத்தார். பிள்ளையைப் பள்ளியில் இறக்கிவிட்டு, காரை ஓரமாக நிறுத்திவிட்டுப் பேசுகிறார் என்பது பின்னால் கேட்ட ஹார்ன் சத்தத்திலேயே தெரிந்தது.

"அக்கா, பாட்டு கேக்க வரல. மகளுக்கு ஸ்கூல்ல ஒரு வேல குடுத்திருக்காங்க. குடும்பச் சின்னம் வரைஞ்சு, கீழ ஒரு வாசகம் எழுதணுமாம். எங்க குடும்பத்துக்கு ஏதுக்கா வாசகம்? நீங்களே ஒன்னு சொல்லுங்களேன்."

வானொலியில் பேசாமல் இருக்கக் கூடாது என்பது எங்கள் தொழிலின் முதல் விதி. அன்று இரண்டு விநாடி பேச்சு வரவில்லை. "யோசிச்சு சொல்றேன்மா" என்று சமாளித்து ஒரு பாட்டைப் போட்டுவிட்டேன். யோசித்ததன் பலன்தான் இந்த வாரக் கட்டுரை.

குடும்பத்துக்கு ஒரு வாசகம் என்றதும் எனக்கு நினைவு வந்தது ஸ்காட்லாந்து. ஊடகவியல் படித்தபோது விளம்பரப் பாடத்தின் முதல் வகுப்பில் எங்கள் விரிவுரையாளர் ஒரு கேள்வி கேட்டார்: "ஸ்லோகன் என்ற சொல் எங்கிருந்து வந்தது?" நாங்கள் எல்லாரும் அமெரிக்கா என்றோம். இல்லையாம். ஸ்காட்லாந்தின் கேலிக் மொழியில் 'ஸ்லுவா' என்றால் படை, 'கெரம்' என்றால் கூவல். போர்க்களத்தில் தன் ஆளை அடையாளம் காணக் கூவிய குரல்தான் இன்று பற்பசைக்கும் கைப்பேசிக்கும் கூவிக்கொண்டிருக்கிறது. நாம் போட்டிகளில் எழுதும் 'சுலோகம்' வேறு. அது வடமொழி. காதுக்கு ஒன்றுபோல் ஒலித்தாலும் இரண்டுக்கும் உறவில்லை.

அங்கே குலத்தைக் 'கிளான்' என்பார்கள். கேலிக்கில் அதற்குப் 'பிள்ளைகள்' என்று பொருள். 'மெக்' என்று தொடங்கும் பெயர்களில் அந்த 'மெக்' என்பது மகன். ஆக, மெக்டொனால்ட் என்றால் டொனால்டின் மகன். பர்கர் கடைக்கு முன்னால் அது ஒரு தகப்பன் பெயர்! அந்தக் குலத்தின் வாசகம், "கடல் வழியும் தரை வழியும்". தீவுகளையும் கடலோரத்தையும் ஆண்ட கூட்டத்துக்குப் பொருத்தம்தானே?

இப்படி ஒவ்வொரு குலத்துக்கும் ஒரு வரி. லத்தீனில் சில, பிரெஞ்சில் சில, கேலிக்கில் சில, உள்ளூர் ஸ்காட்ஸ் மொழியில் சில. ஸ்கை தீவின் மெக்லியோட் குலத்துக்கு "விடாமல் பிடி". குலத்தலைவர் மால்கம் ஒரு முரட்டுக் காளையை எதிர்கொண்டபோது சுற்றி நின்றவர்கள் அப்படிக் கத்தினார்களாம். அந்தக் காளையின் கொம்பு என்று சொல்லப்படுவது இன்றும் டன்வேகன் கோட்டையில் இருக்கிறது. மெக்கன்சி குலத்தின் சின்னம் தீப்பற்றிய மலை. வாசகம், "ஒளிர்வேன், எரியமாட்டேன்". மெக்கின்டோஷ், மெக்பெர்சன் குலங்களின் சின்னம் காட்டுப்பூனை. அவர்கள் சொல்வது, "கையுறை இல்லாமல் பூனையைத் தொடாதே". சிங்கப்பூரில் மெக்பெர்சன் சாலை வழியாக வேலைக்குப் போகும் வாசகர்கள் இனி அந்தப் பெயர்ப்பலகையைப் பார்க்கும்போது கொஞ்சம் சிரித்துக்கொள்ளலாம். 'கேமரன்' குலத்தின் வாசகம் "ஒன்று சேருங்கள்". விடுமுறை நாளில் கேமரன் மலை ஏறும் சாலையில் அதை நாம் தவறாமல் நிறைவேற்றுகிறோம்.

எல்லாம் வீரவசனம் இல்லை. ஸ்காட் குலத்துக்கு ஒரே சொல், "நேசிக்கிறேன்". கென்னடிக்கு "முடிவை எண்ணிப் பார்". ராபர்ட் புரூஸ் என்ற பெருமன்னரைத் தந்த புரூஸ் குலத்துக்கும் ஒரே சொல், "இருந்தோம்". அரியணையில் இருந்த ஒரு குலம் தன்னைப் பற்றி இறந்த காலத்தில் பேசுகிறது. எனக்குப் பிடித்த வாசகங்களில் இதுவும் ஒன்று.

இந்த வாசகத்தை யார் வேண்டுமானாலும் எடுத்துப் போட்டுக்கொள்ள முடியுமா? முடியாது. எடின்பரோவில் 'லார்ட் லயன்' என்ற அதிகாரியின் கீழ் இதற்கென்றே ஒரு நீதிமன்றம் இன்றும் இயங்குகிறது. 1672ஆம் ஆண்டுச் சட்டப்படி தொடங்கிய பதிவேட்டில் சின்னங்கள் பதியப்படுகின்றன. சின்னமும் வாசகமும் குலத்தலைவரின் சொத்து. மற்றவர்கள் அணியும்போது அதைச் சுற்றி வாரும் கொக்கியும் கொண்ட வளையம் இருக்கும். 'நான் தலைவன் இல்லை, தலைவனின் ஆள்' என்று அதற்கு அர்த்தம். சுற்றுலாக் கடையில் விற்கும் சாவிக்கொத்தில்கூட அந்த வாரைப் பார்க்கலாம்.

சரி, ஒரு வரிக்கு இத்தனை கட்டுக்காவல் எதற்கு? மெக்கிரகர் குலத்தின் கதையைக் கேட்டால் புரியும். அவர்கள் வாசகம், "என் குலம் அரசகுலம்". 1603இல் அந்தப் பெயரையே அரசு தடை செய்தது. 'நான் மெக்கிரகர்' என்று சொன்னால் உயிர் போகலாம். வேறு குலப் பெயர்களை வைத்துக்கொண்டு வாழ்ந்தார்கள். புகழ்பெற்ற ராப் ராய்கூடத் தாய்வழிப் பெயரான கேம்பல் என்பதைப் பயன்படுத்தினார். இடையில் சில காலம் நீங்கிய தடை மறுபடி வந்தது. முழுமையாக நீங்கியது 1774இல். தொடக்கத்திலிருந்து எண்ணினால் 171 ஆண்டுகள். வெளியே சொல்ல முடியாத பெயரை வீட்டுக்குள் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்துக் காப்பாற்றியிருக்கிறார்கள்.

அந்தக் கேம்பல் குலத்தின் வாசகம், "மறவாதே". இதில் ஒரு கசப்பும் உண்டு. 1692 பிப்ரவரியில் கேப்டன் ராபர்ட் கேம்பல் தலைமையில் அரசுப் படையினர் கிளென்கோ பள்ளத்தாக்கில் மெக்டொனால்டுகளின் வீடுகளில் ஏறக்குறைய இரண்டு வாரம் விருந்தாளிகளாகத் தங்கினார்கள். 13ஆம் தேதி விடியுமுன், உண்ட வீட்டுக்காரர்களையே வெட்டினார்கள். 38 பேர் கொல்லப்பட்டார்கள். உத்தரவு மேலிடத்திலிருந்து வந்தது. படையிலும் பெரும்பாலோர் கேம்பல்கள் இல்லை. ஆனால் பழி அந்தப் பெயரில் ஒட்டிக்கொண்டது. கிளென்கோவில் ஒரு விடுதியில், 'கேம்பல்களுக்கு அனுமதி இல்லை' என்று பாதி விளையாட்டாக ஒரு பலகை இன்றும் இருக்கிறது. மறவாதே என்று சொன்னவர்களை, மற்றவர்கள் மறக்கவில்லை!

இந்த "மறவாதே" நம் மண்ணுக்கும் வந்தது. ஆர்கைல் அண்ட் சதர்லாந்து ஹைலேண்டர்ஸ் என்ற ஸ்காட்டியப் படைப்பிரிவு இரண்டு வாசகங்களைத் தாங்கியது. ஒன்று கேம்பல்களின் "மறவாதே", மற்றொன்று சதர்லாந்து குலத்தின் "அஞ்சாமல்". மலாயாவில் ஜப்பானியரை எதிர்த்துப் போரிட்ட அந்தப் படை, 1942 ஜனவரி 7ஆம் தேதி சிலிம் ரிவரில் சிதறிப்போனது. எஞ்சியவர்கள் ஜனவரி 31ஆம் தேதி, கடைசிப் படையாக, பைப் வாத்தியம் முழங்க ஜொகூர் கடற்பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்குள் போனார்கள். இரண்டு வாரத்தில் சிங்கப்பூர் வீழ்ந்தது. போர்க்கைதிகளில் பலர் சயாம் மரண ரயில் பாதைக்கு அனுப்பப்பட்டார்கள்.

அடுத்து என்ன சொல்லப் போகிறேன் என்று தோட்டப்புறக் குடும்பங்களுக்குத் தெரிந்திருக்கும். அதே 415 கிலோமீட்டர் பாதைக்குத்தான் மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து நம்மவர்களை ஆயிரக்கணக்கில் கொண்டுபோனார்கள். காஞ்சனபுரிப் போர்க் கல்லறைத் தோட்டத்தில் ஏறக்குறைய 7,000 போர்க்கைதிகள் புதைக்கப்பட்டிருக்கிறார்கள். வரிசை வரிசையாகப் பெயர், படைப்பிரிவு, தேதி. போர்க்கைதிகளைவிட மிக அதிகமாக இறந்தது ஆசியத் தொழிலாளர்கள்தான். அவர்களில் எத்தனை பேருக்குப் பெயர் பொறித்த ஒரு கல் இருக்கிறது?

என் பாட்டியின் சித்தப்பாவும் அப்படிப் போனவர். பாட்டிக்கு அப்போது பத்து வயதுகூட இருக்காது. தோட்டத்துத் திடலில் லாரி வந்து நின்றதும், ஏறியவர்கள் மூன்று மாதத்தில் திரும்பிவிடுவோம் என்று சொன்னதும் பாட்டிக்கு நன்றாக நினைவிருந்தது. லாரி கிளம்பும்போது சித்தப்பா திரும்பிப் பார்த்து, "மாட்டப் பாத்துக்க" என்றாராம். அவ்வளவுதான். அவர் திரும்பி வரவில்லை.

எங்கள் வீட்டில் யார் பயணம் கிளம்பினாலும் பாட்டி வாசலில் நின்று சொல்வது, "மாட்டப் பாத்துக்க". தோட்டம் போய், வீடமைப்புப் பகுதி வந்து, மாடு என்பதே பால் பாக்கெட்டில் அச்சிட்ட படம் என்றான பிறகும் சொல்வார். நான் பல்கலைக்கழகம் போக பஸ் ஏறியபோது அப்பா அதையேதான் சொன்னார். தோழிகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எங்களுக்கு அது 'பத்திரமாக இரு', 'நாங்கள் இருக்கிறோம்', 'திரும்பி வா' எல்லாம் சேர்ந்தது.

ஈப்போ அம்மாவுக்குப் பதில் தேடும்போதுதான் உறைத்தது. எங்கள் குடும்பத்துக்கு ஒரு வாசகம் எண்பது ஆண்டுகளாக இருக்கிறது. லத்தீனும் இல்லை, பதிவேடும் இல்லை.

ஆனால் ஒன்று இல்லாமல் போனது. அந்தச் சித்தப்பாவின் பெயர். அப்பாவிடம் கேட்டேன். "பாட்டி சித்தப்பான்னுதானம்மா சொல்லும்" என்றார். அத்தைக்கும் தெரியவில்லை. பாட்டி போய் ஆறு ஆண்டு ஆகிறது. அவர் பக்கத்தில் உட்கார்ந்து எத்தனையோ இரவு இந்தக் கதையைக் கேட்டிருக்கிறேன். நேர்காணல் எடுத்துச் சம்பளம் வாங்குகிறவள் நான். ஒருநாள்கூட "அவரு பேரு என்ன பாட்டி?" என்று கேட்கவில்லை.

மெக்கிரகர்களின் பெயரைச் சட்டம் போட்டு அழிக்கப் பார்த்தார்கள், முடியவில்லை. எங்கள் வீட்டில் ஒரு பெயர் அழிய யாரும் தடை போடவில்லை. யாரும் கேட்காமல் விட்டதே போதுமானதாக இருந்தது.

அதனால் ஈப்போ அம்மாவுக்கு என் பதில் இதுதான். வாசகத்தை என்னிடம் கேட்காதீர்கள். உங்கள் வீட்டில் மூத்தவர் யாராவது இருந்தால் மகளை அவர் பக்கத்தில் உட்கார வையுங்கள். அவருடைய அப்பா அடிக்கடி என்ன சொல்வார் என்று கேட்கச் சொல்லுங்கள். வாசகம் தானாக வரும். கூடவே, சொன்னவரின் முழுப் பெயரையும் கேட்டு எழுதி வைக்கச் சொல்லுங்கள். சின்னத்தில் காட்டுப்பூனை வேண்டாம். வீட்டுப் பூனையே போதும்.

உங்கள் வீட்டு வாசகம் என்ன? எழுதி அனுப்புங்கள், பெயரோடு. அடுத்த வாரம் சந்திப்போம். அதுவரை, மாட்டப் பாத்துக்குங்க!